பாதுகைப் பூ வளர்க்க ஆசையா?

திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். அதில் மூன்று பக்கம் அவர் வீட்டு மல்லிகைப் பந்தலைப் பற்றியது. அதை இன்னொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

போன மாதம் அவர் தெருவில் ஒரு செடி வியாபாரி வந்தாராம். சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு கூடை. ஒன்றில் வழக்கமான ரோஜாப் பதியன்கள். மற்றொன்றில், ஈரப் பாசியில் சுற்றி, நாலைந்து செடிகள். இலை மட்டும்தான் இருந்தது, பூ இல்லை. பூ எப்படி இருக்கும் என்று கேட்டதற்குக் கைபேசியில் ஒரு படம் காட்டினாராம். "சின்னஞ்சிறு செருப்பு ஒன்றைச் செடியில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது, அம்மா! பார்த்ததிலிருந்து எனக்கு வேறு ஞாபகமே இல்லை. நீலகிரிக் காட்டிலிருந்து கொண்டு வந்ததாம். விலை அதிகம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கட்டுமா? எங்கள் ஊர் வெயிலுக்கு வருமா? அதில் கலப்பு செய்து புது ரகம் உண்டாக்கிப் போட்டிக்கெல்லாம் அனுப்புகிறார்களாமே, நம்மாலும் முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

விழுப்புரத்திலிருந்தும் இதே பூவைப் பற்றி இரண்டு வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். அந்த சைக்கிள் எங்கெங்கே போயிற்று என்பது எனக்கு இப்போது ஒருவாறு தெரிகிறது!

முதலில் பூவைப் பார்ப்போம். ஆர்க்கிட் குடும்பத்தில் இது ஒரு தனிக் கிளை. வெள்ளைக்காரர்கள் 'சீமாட்டியின் செருப்பு' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். தாவர சாஸ்திரத்தில் பாபியோபெடிலம். பாபோஸ் என்பது கிரேக்கர்களின் காதல் தேவதைக்குக் கோயில் இருந்த ஊர். பெடிலான் என்றால் மிதியடி. தேவதையின் மிதியடி என்று அர்த்தம். செருப்பு என்று சொல்லப் பூஜை அறை வைத்திருக்கும் நமக்கு நாக்குக் கூசுகிறது. பரதன் தலையில் தாங்கியதும் மிதியடிதானே? அதனால் நான் பாதுகைப் பூ என்றே சொல்கிறேன்.

மேலே ஒரு பெரிய இதழ், விசிறி மடிப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். இருபக்கமும் இரண்டு இதழ்கள் கை நீட்டும். நடுவில், முன்னால், பை போல ஒரு இதழ் தொங்கும். அதுதான் பாதுகை. பையின் வாய்க்கு மேலே, பளபளவென்று ஒரு சின்னக் கேடயம். பையில் தேன் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. சுத்த மோசடி! கேடயத்தின் மினுமினுப்பில் மயங்கி வரும் ஈ, வழவழப்பான விளிம்பில் கால் வழுக்கிப் பைக்குள் விழும். வந்த வழியே ஏற முடியாது; விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கிறது. பின்பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய ரோமங்கள் ஏணிப்படி போல இருக்கின்றன. அதைப் பிடித்து ஏறினால் இரண்டு மூலையிலும் இரண்டு சந்து. அந்தச் சந்து வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது முதலில் சூல்முடியின் மேல் முதுகு உரசும். அப்புறம் மகரந்தப் பசை முதுகில் ஒட்டும். அடுத்த பூவிலும் அந்த முட்டாள் ஈ விழுந்தால் கல்யாணம் முடிந்தது. புத்திசாலியாக இருந்தால் இந்தச் செடிக்கு வம்சம் இல்லை.

இனி அந்த வியாபாரி சொன்ன கதைக்கு வருவோம். நீலகிரிக் காட்டிலிருந்து கொண்டு வந்தேன் என்றாராம். இங்கேதான் எனக்குச் சந்தேகம். நீலகிரியில் எத்தனையோ ஆர்க்கிட் உண்டு. பாதுகைப் பூ கிடையாது. நம் நாட்டில் இந்த இனங்கள் ஏறக்குறைய எல்லாமே அஸ்ஸாம், மேகாலயா, மணிப்பூர், சிக்கிம் என்று வடகிழக்கு மலைகளில்தான் இருக்கின்றன. தென்னிந்தியா முழுவதற்கும் சொந்தமானது ஒரே ஒரு ஜாதி. அது இருப்பது நம் அகத்தியர் மலையில், பொதிகையில்!

அந்த ஒன்றின் கதையைக் கேளுங்கள். ஹெபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி திருவிதாங்கூர்ப் பக்கம் உத்தியோகம் பார்த்தவர், செடிகொடிப் பைத்தியம். 1860-களில் அந்த மலையில் மஞ்சள் நிறப் பாதுகைப் பூ ஒன்றைக் கண்டார். நல்ல பசுமஞ்சள், ஒவ்வொரு இதழின் நடுவிலும் கரும்பழுப்பில் ஒரு கோடு, நாமம் தீட்டியதுபோல. சென்னை ராஜதானியின் வன அதிகாரியாக இருந்த பெட்டோம், 1874-ல் அதை விவரித்து எழுதி, ட்ரூரியின் பெயரையே வைத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. சீமையில் ஆர்க்கிட் மோகம் தலைக்கேறியிருந்த காலம். சுமார் 5,000 அடி உயரத்தில், பாறையிடுக்கிலும் புல்வெளியிலும் மட்டும் வளரும் செடி. வேறு எங்கும் இல்லை. கண்டவர்கள் பிடுங்கினார்கள். காட்டுத் தீயும் தன் பங்குக்குத் தின்றது. கடைசியில் பூண்டோடு அற்றுப் போயிற்று என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். 1972-ல்தான் மறுபடியும் கண்ணில் பட்டது. அதன் பிறகும் பிடுங்கல் நிற்கவில்லை. கேரளத்தில் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்து விஞ்ஞானிகள் சோதனைக் குழாயில் குழந்தை வளர்ப்பதுபோல நாற்றுக்களை வளர்த்து, மலையில் திரும்ப நட்டுப் பார்த்திருக்கிறார்கள். அகத்தியர் தமிழ் வளர்த்த மலை என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோமே, அந்த மலைக்கே உரிய பூ இது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வெகு நாள் தெரியாது.

தெரியாததால் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நாங்கள் குடும்பத்தோடு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். பஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் பாசியில் சுற்றி விற்றார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவேயில்லை. பேரம் பேசினேன்; அதில் மட்டும் கெட்டிக்காரி. விழுப்புரத்து வீட்டுக் கொல்லைக்கு அது வந்து சேர்ந்தபோது மாசி மாதம். பங்குனி வரை நன்றாகவே இருந்தது. அக்கினி நட்சத்திரம் பிறந்ததும், பாவம் வெயில் தாங்காது என்று, தினமும் சாயங்காலம் குருத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர், குழம்பில் பருப்பு வேகாத தண்ணீர். பத்து நாளில் நடுக்குருத்து கறுத்து, தொட்டால் கையோடு வந்துவிட்டது. ஒரு பூக்கூடப் பார்க்கவில்லை. எந்த மலையில், எத்தனை வருஷமாக நின்ற செடியோ!

இப்போது அப்படி வாங்கினால் பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-ல் திருத்தியபோது, புலியையும் யானையையும் போலச் சில செடிகளையும் அதில் சேர்த்தார்கள். பாதுகைப் பூவின் எல்லா ஜாதிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. காட்டிலிருந்து பிடுங்கக் கூடாது. உரிமம் பெற்ற வியாபாரியிடமிருந்து தவிர வேறு யாரிடமும் வாங்கக் கூடாது. வளர்ப்பதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமம் வேண்டும். சர்வதேச வியாபாரத்திலும் 1990 முதல் இந்த இனம் முழுவதுக்கும் மிகக் கடுமையான கட்டுப்பாடு. ஆகையால், திண்டிவனத்துச் சகோதரியே, அந்த சைக்கிள்காரர் மறுபடி வந்தால் விலையைக் கேட்காதீர்கள், உரிமத்தைக் கேளுங்கள். அவர் அப்புறம் உங்கள் தெருவுக்கு வரமாட்டார் என்றே நினைக்கிறேன். வந்தாலும், பூ இல்லாத செடிக்குப் படத்தைக் காட்டி விற்பவரிடம் நான் துளசிகூட வாங்கமாட்டேன்.

முறைப்படி உரிமம் வாங்கி, பண்ணையில் பிறந்த செடியையே வாங்கி வளர்ப்பவர்களும் இருக்கலாம். நம் வெயிலுக்கு வருமா என்ற கேள்விக்கு அவர்களை உத்தேசித்துப் பதில் சொல்கிறேன். பச்சை இலை ஜாதிகளில் பெரும்பாலானவை குளிர் கேட்பவை. ஏற்காட்டில் அவற்றைச் சௌகரியமாக வைத்துக்கொள்ளலாம். இலையில் பாம்புச் சட்டைபோலப் புள்ளியும் திட்டும் உள்ளவைதான் சமவெளிக்கு ஓரளவு ஒத்துவரும். 1900-ல் இங்கிலாந்தில் உண்டாக்கிய 'மாடி' என்ற கலப்பும் அதன் சந்ததிகளும் இந்த வகை. அவற்றுக்கும் 30 டிகிரிக்கு மேல் போனால் முகம் வாடும். நம் ஊரில் மே மாதம் 40-ஐத் தொடுகிறது. அதனால் வடக்குப் பார்த்த தாழ்வாரம் வேண்டும். பனையோலைத் தட்டி கட்டி, தரையில் மணல் பரப்பி நனைத்துவைக்க வேண்டும். செடித் தொட்டியைப் பெரிய மண்தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, இடையில் ஈர மணல் போட்டால் பானைத் தண்ணீர் குளிர்வதுபோல வேரும் குளிரும்.

மண் கூடாது. கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தென்னை மட்டைத் துண்டு மூன்றும் கலந்து போடலாம். மட்டைத் துண்டை நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைக் கழற்றிவிட வேண்டும். மற்ற ஆர்க்கிட்கள் பலவற்றுக்குத் தண்டில் தண்ணீர் சேமிக்கும் கிழங்கு இருக்கும், இதற்கு இல்லை. ஆகவே அடியோடு காயவிடக் கூடாது. அதற்காகச் சொதசொதவென்றும் வைக்கக் கூடாது. காலையில்தான் ஊற்ற வேண்டும். குருத்தில் தேங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். (என் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா?) எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீரின் குணம். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் இதற்கு விஷம். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரைப் பிடித்து மூடிவைப்பவர்களே இந்தப் பூவை நினைக்கலாம். 2003-ல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாயை அடைத்துவிட்டு அதன் மேல் வறட்டி காயவைக்கும் வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

கலப்புச் செய்வது பற்றிக் கேட்டீர்கள். திண்டிவனத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் நாடு முழுவதும் நிலக்கடலை மூட்டையில் ஏறிப் போயிருக்கிறது. டி.எம்.வி. என்றாலே திண்டிவனம்தான். 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி உண்டானது. கடலையைக் கலப்புச் செய்ய வேண்டுமானால், நாளைக் காலை மலரப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே பிரித்து, மகரந்தப் பையைக் கிள்ளிவிட்டு, விடிந்ததும் வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டுவைக்கிறார்கள். கடலைப் பூ சுண்டுவிரல் நகம் அளவு. அதை நோக்கப் பாதுகைப் பூவில் வேலை சுலபம். பல் குத்தும் குச்சி ஒன்று போதும். கேடயத்துக்குப் பின்னால் இருபுறமும் இருக்கும் மகரந்தப் பசையைக் குச்சி நுனியால் எடுத்து, இன்னொரு பூவின் பாதுகையைக் கழற்றிவிட்டு, உள்ளே கீழ்நோக்கிக் கவிந்திருக்கும் சூல்முடியில் தடவ வேண்டும். இவ்வளவுதான்.

கஷ்டம் அப்புறம்தான். காய் முற்ற ஜாதியைப் பொறுத்து ஆறு மாதம் முதல் பத்து மாதம். நம் பிரசவக் கணக்கு! உள்ளே விதை, விதை என்று சொல்லவே முடியாத தூள். அதில் குழந்தைக்குக் கட்டுச்சோறு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் அதற்குச் செவிலித் தாயாக இருந்து ஊட்டும். 1922-ல் அமெரிக்காவில் நட்ஸன் என்ற பேராசிரியர், கடற்பாசிக் கூழில் சர்க்கரையும் உப்புக்களும் சேர்த்து, கிருமி புகாத கண்ணாடிப் புட்டியில் பூஞ்சணம் இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்தார். அன்று முதல் புட்டிப் பாலில்தான் வளர்கிறார்கள். புட்டியிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து பூ என்று வருவதற்குள் குச்சி பிடித்த நாளிலிருந்து ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். முதல் கலப்பை உண்டாக்கிய டாமினி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரருக்கு 1869-ல் பூ கிடைத்தது. பர்மா ஜாதியும் மலாயா ஜாதியும் சேர்ந்த பூ அது. அவர் காலத்தில் புட்டியும் இல்லை. எத்தனை விதை மண்ணாகப் போயிருக்குமோ!

இன்னொன்று. மற்ற ஆர்க்கிட்களைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்காகப் பிரதி எடுக்கிறார்கள். இந்தப் பிடிவாதக்காரி அதற்கு எளிதில் இணங்குவதில்லை. ஒரு நல்ல செடி வேண்டுமானால், அதன் பக்கக் கன்றைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். அதனால்தான் பரிசு வாங்கிய செடிக்கு அத்தனை விலை. காட்டில் திருட்டும் அதனால்தான். அஸ்ஸாமிலிருந்து போன ஒரு ஜாதி 1857-ல் இங்கிலாந்தில் பூத்துப் பிறகு காணாமல் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 1,000 பவுன் என்று ஒரு பெரிய ஆர்க்கிட் வியாபாரி விளம்பரமே செய்தார். 1905-ல் பூட்டான் பக்கம் கிடைத்தது. அன்றைய 1,000 பவுனை நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

போட்டியில் மார்க் போடும் முறையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அமெரிக்க ஆர்க்கிட் சங்கத்தார் கணக்குப்படி, பாதுகைப் பூவின் வடிவத்துக்கு 40, நிறத்துக்கு 40, அளவு முதலான மற்ற லட்சணங்களுக்கு 20. 75 வாங்கினால் ஒரு விருது, 80 வாங்கினால் அதைவிடப் பெரியது, 90-ஐத் தாண்டினால் முதல் தரம். நடுவர்கள் சுற்றி நின்று, மேல் இதழ் வளைகிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா, நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று அளவுகோலும் கையுமாகப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, கூந்தல் சவுரியா என்று இழுத்துப் பார்த்த நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. சீமையில் பூவை உருண்டையாக்க வேண்டும், பெரிதாக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கலந்து, கடைசியில் கன்னம் உப்பிய ஒரு ரகத்தை உண்டாக்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் வந்த ஒன்றுக்கு வின்ஸ்டன் சர்ச்சில் என்றே பெயர். படம் பார்த்தேன், சுருட்டு ஒன்றுதான் குறை. அதற்கு மார்க் போட்டவர்கள் பெரியவர்கள். எனக்கென்னவோ, பொதிகை மலைக்காரியின் நாமக்கோட்டு மஞ்சள் முகத்துக்கு முன் அது நிற்காது.

பூவை நேரில் பார்க்க வேண்டுமென்று ஆசையாக இருந்தால் ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையார் 1963-ல் அங்கே தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம். அங்கிருந்து மலைப் பாதை. எல்லாச் செடியும் எப்போதும் பூத்திருக்காது. ஆனால் ஒரு பூ விரிந்தால் ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் நிற்பது உண்டு. போகுமுன் எது பூத்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கலப்புச் செய்து பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால், அதற்குப் பாதுகைப் பூதானா வேண்டும்? உங்கள் வாசலில் செம்பருத்தி இருக்கிறதே! ஒற்றை இதழ்க் கலப்புச் செம்பருத்தியாக இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குச் செம்பருத்தி பலவும் மலடு. கார்த்திகை பிறந்து வெயில் தணிந்த பிறகு ஆரம்பியுங்கள். கோடையில் பிஞ்சு நிற்காது. காலை பத்து மணி வாக்கில் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் ஐந்து பொட்டுக்களிலும் தொட்டுவைத்து, காம்பில் நூல் கட்டி, அப்பா யார் அம்மா யார் என்று ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிடுங்கள். பிடித்தால் நாலு நாளில் பூ உதிர்ந்து காய் தங்கும். இரண்டு மாதத்துக்குள் முற்றி வெடிக்கும். அதற்கு முன்பே மெல்லிய துணியால் ஒரு பை தைத்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விதை சிதறிவிடும். புட்டி வேண்டாம், உரிமம் வேண்டாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் பூ. ஒரே காயில் பிறந்த பத்துச் செடியும் பத்து முகமாக இருக்கும்.

எது நல்லது என்று மார்க் போட நீங்களே நடுவர். பூத்ததும் எழுதுங்கள். அந்த மல்லிகைப் பந்தல் விஷயத்துக்கு அடுத்த வாரம் வருகிறேன்.